கரியும் வைரமும்: ஒருமை பற்றிய ஒரு விசாரணை

பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களிலும் சங்கக் கூட்டங்களிலும் விஞ்ஞானத்தை உவமையாக எடுத்தாளும் பேச்சாளர்கள் தவறாது கூறும் வாக்கியம் ஒன்று உண்டு. கரியும் வைரமும் ஒன்றே என்பதே அது. ஒருவர் இதனைக் கொண்டு மக்கள் அனைவரும் சமம் என நிறுவுவார். இன்னொருவர் அதே வாக்கியத்தைக் கொண்டு, அமுக்கத்தைத் தாங்கிய கரியே வைரமாகின்றது, ஆதலின் மாணவர்களே நீங்களும் துன்பத்தைத் தாங்குங்கள் என உபதேசிப்பார். முதலாமவர் வேற்றுமை பொருட்டன்று என்கிறார்; இரண்டாமவரோ வேற்றுமையே பெரிது, அதனை முயன்று அடைக என்கிறார். ஒரே கூற்று ஒன்றற்கொன்று முரணான இரு முடிபுகளுக்கு ஆதாரமாவது எங்ஙனம் எனச் சபையில் எவரும் வினவுவதில்லை. கைதட்டல் இரண்டுக்கும் சமமாகவே கிடைக்கின்றது.

இக்கட்டுரையாளன் இரசாயனம் பயின்றவன். மெய்யியலில் ஆர்வம் உடையவனேயன்றி முறையான பயிற்சி உடையவன் அல்லன். எனினும் அவ்வாக்கியத்தின் இறுதியில் நிற்கும் ‘ஒன்றே’ என்னும் சொல் நெடுங்காலமாக அவனை உறுத்தி வந்துள்ளது. எதனால் ஒன்று? எவ்வளவிற்கு ஒன்று? அவ்வொருமையைக் கொண்டு மனிதரின் நடத்தை பற்றி எதையேனும் தீர்ப்பது முறையாகுமா?

கரியும் வைரமும் ஒரே மூலகமென்பது எவ்வாறு அறியப்பட்டது என்பதனை முதலில் நோக்குதல் வேண்டும். 1772ஆம் ஆண்டு பாரிசு நகரில் இலவோசியேயும் அவருடன் சேர்ந்த அறிஞர் சிலரும் பெரியதொரு குவிவில்லையினால் சூரிய ஒளியைக் குவித்து வைரத்தை எரித்தனர். வளியின்றிச் சூடாக்கியபோது அழியாத வைரம், வளி உள்ளபோது மறைந்தது; தோன்றிய வாயு, கரி எரியும்போது தோன்றும் வாயுவைப் போலவே சுண்ணாம்பு நீரைப் பால்நிறமாக்கியது. இவ்வளவு கண்டும் இலவோசியே வைரம் கரியே எனத் துணிந்து கூறத் தயங்கினார். 1797இல் சிமித்சன் தெனன்ற் என்னும் ஆங்கிலேயர், நிறையால் சமமான வைரமும் கரியும் எரிந்து சம அளவு காபனீரொட்சைட்டையே தருகின்றன என நிறுத்துக் காட்டினார். 1814இல் ஹம்பிறி டேவி, இளைஞராயிருந்த மைக்கல் பரடேயை உதவியாளராகக் கொண்டு, புளோரன்சு நகரில் மீண்டும் வைரத்தை எரித்து அவ்வாயுவன்றி வேறெதுவும் தோன்றவில்லை என உறுதி செய்தார்.

இவ்வரலாற்றில் ஒரு செய்தியை நாம் எளிதில் கடந்து விடுகின்றோம். கரியும் வைரமும் ஒன்று என்பதற்கான சான்று இரண்டையும் அழித்தே பெறப்பட்டது. தராசில் நிறுக்கப்பட்ட பொழுது அங்கே வைரமும் இல்லை, கரியும் இல்லை. சுடலையில் எல்லாரும் சமம் என்று நம்மவர் கூறுவதுண்டு; அது உண்மையே. ஆயின், அச்சமத்துவம் எரிந்தபின் எய்தும் சமத்துவம். உயிரோடிருந்த காலத்தில் ஒருவன் எவ்வாறு வாழ்ந்தான் என்பது பற்றிச் சாம்பல் எதுவும் கூறாது.

எரியாதிருக்கும் வைரத்தையும் காரீயத்தையும் எடுத்துக்கொள்வோம். வைரத்தில் ஒவ்வொரு காபன் அணுவும் தன்னைச் சூழ நான்முகியின் உச்சிகளில் அமைந்த நான்கு அணுக்களோடு 0.154 நனோமீற்றர் தூரத்தில் பிணைந்துள்ளது. எத்திசையில் நோக்கினும் பிணைப்பே. காரீயத்தில் ஒவ்வோர் அணுவும் மூன்றனோடு மாத்திரம், 0.142 நனோமீற்றர் தூரத்தில், அறுகோண வலையாகப் பிணைந்து தளமொன்றை ஆக்குகின்றது. தளத்துக்கும் தளத்துக்கும் இடைத்தூரம் 0.335 நனோமீற்றர், அவற்றிடையே உள்ள கவர்ச்சி மிக மென்மையானது. ஆகவே தளங்கள் ஒன்றன்மீதொன்று வழுக்குகின்றன. நாம் தாளிலே எழுதும்போது தாளில் ஒட்டுவது இவ்வாறு வழுக்கிக் கழன்ற தளங்களே. வைரம் மின்னைக் கடத்தாது, காரீயம் கடத்தும்; வைரம் ஒளியை ஊடுருவ விடும், காரீயம் விழுங்கும்; வைரம் ஏனைய கனிப்பொருள்கள் அனைத்தையும் கீறும், காரீயத்தை நகத்தால் கீறலாம். இப்பண்புகளுள் ஒன்றையேனும் தனியொரு காபன் அணுவிடம் தேடினால் காண இயலாது. தனியணு வன்மையானதுமன்று, மென்மையானதுமன்று, கறுப்புமன்று.

கேகாலை மாவட்டத்துப் போகலவிலும் குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவிலும் நிலத்தின் ஆழத்தில் நாளம் நாளமாகக் காரீயம் கிடைப்பதை நாம் அறிவோம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் காபன் உடைய அதன் தூய்மை உலகப் புகழ் பெற்றது. முதலாம் உலகப் போரின் காலத்தில் உலோகம் உருக்கும் மூசைகளுக்காக அது பெருந்தொகையாகக் கப்பலேறியது. ஆயினும் இரத்தினத்துவீபம் எனப் பெயர்பெற்ற இத்தீவில் வைரம் அகழப்படுவதில்லை. பழங்காலத்தில் ‘மாத்தறை வைரம்’ என விற்கப்பட்டது நிறமற்ற சேர்க்கன் கல். அதில் காபன் சிறிதும் இல்லை. உருவத்தையே நோக்கும் வணிகர் மூலகம் வேறான இரண்டை ஒன்றென விற்றனர். மூலகத்தையே நோக்கும் பேச்சாளர் உருவம் வேறான இரண்டை ஒன்றென்கின்றனர். இருவருள் எவர் பெரிதும் பிழைத்தவர் என்பது வாங்குபவரைப் பொறுத்தது.

ஒரு மூலகம் இவ்வாறு பல உருவங்களில் இருத்தலுக்கு 1841இல் சுவீடன் நாட்டு இரசாயனர் பேர்சீலியசு, ‘வேறொரு முறை’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து ஒரு பெயரை ஆக்கினார். ஈழத்துக் கலைச்சொல்லாக்கத்தினர் அதனைப் ‘பிறதிருப்பம்’ என்றனர். தமிழகத்துப் பாடநூல்கள் ‘புறவேற்றுமை’ என்கின்றன. செவிக்கு இனியது பின்னையதே என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அச்சொல் ஒரு மெய்யியற் கொள்கையையும் தன்னுள் மறைத்து வைத்திருக்கின்றது. வேற்றுமை புறத்ததே, அகம் ஒன்றே என்பது அக்கொள்கை. வைரத்துக்கும் காரீயத்துக்கும் உள்ள வேற்றுமையோ புறத்தது அன்று. வைரத்தைத் துண்டு துண்டாக உடைத்து எத்துணை உள்ளே சென்று நோக்கினும் அங்கும் வைரமே உள்ளது. வேற்றுமை அணுவுக்கும் அணுவுக்கும் இடையே உள்ள உறவில் இருக்கின்றது.

அவ்வாறாயின் ‘காபன்’ என்னும் பெயர் எதனைச் சுட்டுகின்றது? இவ்வினா இரசாயனர்களையே தொல்லைப்படுத்தியுள்ளது. மூலக அட்டவணையை அமைத்த மெண்டலீவ், தனிப்பதார்த்தம் வேறு, மூலகம் வேறு என வற்புறுத்தினார். கரி, காரீயம், வைரம் என்பன தனிப்பதார்த்தங்கள். காணலாம், தொடலாம், நிறுக்கலாம். காபன் என்னும் மூலகமோ இவற்றுக்கெல்லாம் பொதுவாய், சேர்வைகளுள்ளும் அழியாது நிற்பது. அதனை அதுவாகவே எவரும் கண்டதில்லை. 1931இல் பிரீற்சு பனெத் என்னும் இரசாயனர் இவ்வேறுபாட்டை அறிவாராய்ச்சியியல் நோக்கில் விரித்துரைத்தார். அட்டவணையின் ஆறாம் அறையில் வீற்றிருப்பது கரியுமன்று, வைரமுமன்று. கண்ணுக்குப் புலனாகாத பொதுமையொன்றே அங்கு உள்ளது.

நமது மெய்யியல் மரபுக்கு இது புதிய வழக்கன்று. சாந்தோக்கிய உபநிடதம் மண்ணை உதாரணமாக்கி, மண்ணாலான கலங்கள் யாவும் பெயரளவில் வேறு, மண் என்பதே மெய் எனும். சாங்கியரும் சைவசித்தாந்திகளும் கொள்ளும் சற்காரியவாதம், காரியம் காரணத்தில் முன்னரே உளது என்கின்றது. நியாய வைசேடிகரின் ஆரம்பவாதமோ, முழுமை என்பது உறுப்புக்களில் முன்னர் இல்லாது புதிதாய்த் தோன்றுவது என்கின்றது. மண்ணையும் குடத்தையும் வைத்துக் கொண்டு இவ்வழக்கைத் தீர்ப்பது அரிது. குடத்தின் தன்மை பலவும் மண்ணிலேயே காணப்படுவதால் சற்காரியவாதி எளிதில் வெல்வான். காபனை வைத்துக் கொண்டால் ஆரம்பவாதியின் கை ஓங்குகின்றது. வன்மை அணுவில் இல்லை, அமைப்பில் தோன்றுகின்றது. எனினும் சற்காரியவாதி முற்றாகத் தோற்றான் என்பதற்கில்லை. நான்கு பிணைப்புக்களை ஏற்படுத்தும் இயலுமை காபனுக்கு உண்டு. ஈயத்தை எவ்வாறு அடுக்கினும் வைரம் ஆகாது. மூலகம் எல்லையை வகுக்கின்றது. அவ்வெல்லைக்குள் எது நிகழும் என்பதனை அமைப்பு தீர்மானிக்கின்றது.

மணிமேகலையின் 27ஆம் காதையில் ஆசீவகவாதி தன் கொள்கையைக் கூறும் பகுதியை இவ்விடத்தில் நினைவு கூர்தல் தகும். அணுக்கள் அழிவதில்லை, நீரணு நிலவணுவாகத் திரிவதில்லை, அவை கூடியும் பிரியும், செறிந்து வயிரமாகவும் ஆகும், மூங்கில் போல் துளையுடையதாகவும் ஆகும் என்பது அவன் கூற்றின் சாரம். ஆசீவகர் இரசாயனம் அறிந்திருந்தனர் எனப் பெருமை பேசுதல் நமது நோக்கமன்று. அத்தகைய பெருமை போதுமான அளவு பேசப்பட்டாயிற்று. வயிரம் என்னும் சொல் மணியையும் குறிக்கும், மரத்தின் வன்மையான உட்பகுதியையும் குறிக்கும் என்பதனையும் மறத்தலாகாது. கவனிக்கத்தக்கது யாதெனில், அணுவின் வகையை மாற்றாது கூட்டத்தின் செறிவை மாத்திரம் மாற்றி வன்மையை விளக்க அவன் முயன்றமையே.

இனி, துன்பத்தைத் தாங்கிய கரியே வைரமாயிற்று என்னும் உபதேசத்துக்கு வருவோம். இது உண்மையுமன்று. இயற்கை வைரங்களில் பெரும்பாலானவை நிலத்தின்கீழ் நூற்றைம்பது கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழத்தில், நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் தோன்றியவை. நிலக்கரியாக மாறிய தாவரங்கள் அப்பொழுது தோன்றியிருக்கவேயில்லை. அதனினும் சுவையான செய்தி வேறொன்று உண்டு. சாதாரண வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் உறுதி நிலை உடையது காரீயமே; வைரத்தின் சத்தி மூலொன்றுக்கு ஏறத்தாழ 3 கிலோயூல் அதிகம். என்றும் அழியாதது என விளம்பரம் செய்யப்படும் வைரம், முறைப்படி நோக்கின், காரீயமாக மாறுதற்கு உரியது. அது மாறாதிருப்பதற்குக் காரணம் அதனுள் உறையும் உயர்குணம் அன்று; மாறுவதற்குத் தகர்க்கவேண்டிய பிணைப்புக்கள் மிக வலியன என்பதே. பாதை அடைபட்டிருப்பதால் அது வைரமாக இருக்கின்றது.

பாதை அடைபடாதவிடத்து என்ன நிகழும் என்பதற்கு வெள்ளீயம் சான்று. பளபளக்கும் அதன் வெண்ணிற உருவம் 13.2 பாகை செல்சியசுக்குக் கீழே உறுதியற்றது. நெடுநாட் குளிரில் அது நரைநிற உருவாக மாறுகின்றது. கனவளவு ஏறத்தாழக் காற்பங்கு பெருகுவதால் உலோகம் வெடித்துத் தூளாகின்றது. நரைத்த துணிக்கையொன்று நல்ல வெள்ளீயத்தைத் தொட்டால் அதுவும் விரைந்து நரைக்கத் தொடங்கும். ஐரோப்பியர் இதனை ‘வெள்ளீயக் கொள்ளைநோய்’ என அழைத்தனர். நெப்போலியனது படையினரின் பொத்தான்கள் 1812இன் உருசியக் குளிரில் இவ்வாறு தூளாயின என்னும் கதைக்குத் தக்க சான்று இல்லை. ஆதலின் அதனை விடுவோம். தூளாகிய வெள்ளீயத்தின் ஓர் அணுவேனும் கெட்டுவிடவில்லை. உருக்கி வார்த்தால் மீண்டும் பளபளக்கும்.

இதுவரை கூறியவை வெறும் அறிவுவிளையாட்டாகத் தோன்றலாம். ஒருமையா வேற்றுமையா என்னும் வினா மனித உயிரோடு பின்னிய சந்தர்ப்பம் ஒன்றுண்டு. அது பொசுபரசின் வரலாறு.

வெண்பொசுபரசு நான்கு அணுக்கள் நெருக்குண்டு பிணைந்த மூலக்கூறுகளால் ஆனது. வளியில் ஏறத்தாழ 30 பாகை வெப்பநிலையிலேயே தானாகத் தீப்பற்றக் கூடியதாகையால் நீரினடியில் வைக்கப்படுவது. கிராமொன்றின் பத்திலொரு பங்களவே ஒருவரைக் கொல்லப் போதியது. அதனை வளியின்றி ஏறத்தாழ 250 பாகைக்குச் சூடாக்கினால் அணுக்கள் நீண்ட தொடர்களாய்ப் பிணைந்து செம்பொசுபரசு ஆகின்றது. அது தானாக எரிவதில்லை, நஞ்சாகத் தொழிற்படுவதுமில்லை. 1830கள் தொடக்கம் எவ்விடத்தில் உரசினும் பற்றும் தீக்குச்சிகளின் தலையில் இடப்பட்டது வெண்பொசுபரசே. அதன் ஆவியை நாள்தோறும் சுவாசித்த தொழிலாளரின் தாடையெலும்பு அழுகியது. பல்லும் எலும்பும் சீழாய்க் கழன்று பலர் மாண்டனர். 1840களில் வியன்னா நகரின் மருத்துவர்கள் இந்நோயை விவரித்தனர். அதே தசாப்தத்தில் அதே நகரில் அன்ரன் சுரோற்றர் செம்பொசுபரசு வேறு மூலகம் அன்று, பொசுபரசின் பிறிதோர் உருவமே என நிறுவினார். நோயும் மருந்தும் ஒரே ஊரில் ஒரே காலத்தில் அறியப்பட்டன என்றே கூறலாம்.

சுவீடன் நாட்டு இலுண்ட்சுட்ரோம் சகோதரர்கள் செம்பொசுபரசைப் பெட்டியின் பக்கத்தில் பூசிப் பாதுகாப்பான தீக்குச்சியை ஆக்கினர். அதன் பிரித்தானிய உரிமையை 1855இல் பிறையன்ற் அன் மே என்னும் இலண்டன் நிறுவனம் வாங்கியது. வாங்கிய பின்னரும் வெண்பொசுபரசுக் குச்சிகளை அது கைவிடவில்லை. அவை மலிவானவை, எங்கு உரசினும் பற்றும் வசதியை வாங்குவோரும் விரும்பினர். 1888இல் அந்நிறுவனத்தின் போ பகுதித் தொழிற்சாலையில் ஏறத்தாழ 1400 பெண்களும் சிறுமியரும் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களது நிலைமையை அனி பெசன்ற் அம்மையார் தமது பத்திரிகையில் வெளியிட்டிருந்தார். பிற்காலத்தில் சென்னை அடையாற்றில் வாழ்ந்து நம்மவர்க்கு வேறுவகையில் அறிமுகமான அதே அம்மையார்தான். தாடைநோய்ச் சம்பவங்களை அறிவியாது மறைத்தமைக்காக 1898இல் அந்நிறுவனத்துக்கு நீதிமன்றம் தண்டம் விதித்தது. பின்லாந்து 1872இலும் டென்மார்க்கு 1874இலும் தடைசெய்த ஒன்றனைத் தடைசெய்யப் பல நாடுகள் கூடிய பேண் உடன்படிக்கை 1906இலேயே உருவாயிற்று.

இந்த ஐம்பதாண்டு காலத்தில் தொழிலதிபரைக் காத்த வாதம் யாது? பொசுபரசு நஞ்சு, தீக்குச்சித் தொழில் ஆபத்தானது, பொருளின் இயல்பு அது, அதற்கு யார் என் செய்யலாம் என்னும் வாதமே. இவ்விடத்தில் ‘ஒன்றே’ என்னும் சொல் எத்துணைக் கொடியதாகக் கூடும் என்பதைக் காண்கின்றோம். மூலகத்தின் பெயரைச் சொல்லி உருவத்தைத் தெரிவு செய்த கை மறைக்கப்படுகின்றது. பொசுபரசின் இயல்பில் நஞ்சும் உண்டு, நஞ்சின்மையும் உண்டு. எவ்வுருவத்தைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவருவது என்பது இயற்கை தீர்த்த விடயமன்று. இலாபக் கணக்கு தீர்த்த விடயம்.

பிறவிக்குணம், குலக்குணம் என்னும் சொற்கள் நமது சமூகத்தில் ஆற்றிவரும் பணியும் இதுவே என்பது என் கருத்து. ஒருவன் முரடனானால், கல்லாதவனானால், அவனது பிறப்பைக் காட்டி விளக்கம் முடிந்தது என இருந்துவிடுகின்றோம். எத்தகைய வீட்டில், எத்தகைய கூலியில், எவரெவரோடு எவ்வுறவில் அவன் அடுக்கப்பட்டான் என்பதனை ஆராய வேண்டிய இடத்தில் ஆராய்ச்சி நின்றுவிடுகின்றது. எல்லாரும் ஒன்றே எனக் கைதட்டல் பெறும் பேச்சாளரும் அடுக்கைப் பற்றிப் பேசுவதில்லை. அவரது சமத்துவம் இலவோசியேயின் வில்லையின்கீழ் நிகழும் சமத்துவம்.

இங்கே ஒரு தடை எழும். எல்லாம் அமைப்பினாலே என்றால் எவரையும் எதற்கும் பொறுப்பாக்க இயலாதே; தொழிலதிபரும் ஓர் அமைப்பினுள் அடுக்கப்பட்டவர் அல்லரோ என வினவலாம். உவமை முடிகின்ற இடம் இதுவே எனக் கூறுவதன்றி வேறு வழியில்லை. அணு தன் அயலாரைத் தெரிவு செய்வதில்லை. மனிதன் ஓரளவிற்குத் தெரிவு செய்கின்றான். அவ்வோரளவு எல்லார்க்கும் ஒரே அளவினதன்று. போ தொழிற்சாலையில் குச்சியைத் தோய்த்த சிறுமிக்கு அது பெரும்பாலும் பட்டினிக்கும் ஆவிக்கும் இடையிலான தெரிவு. இரு உருவங்களின் உரிமையையும் கையில் வைத்திருந்தவருக்கு அது வேறு. கடையில் எங்கும் உரசக்கூடிய குச்சியைக் கேட்டு வாங்கியவர் இவ்விருவர்க்கும் இடைப்பட்டவர். அறியாமல் கேட்டவரும் அறிந்து கேட்டவரும் அவருள் உளர். பொறுப்பு இவர்களிடையே சமமாகப் பகிரப்படத் தக்கதன்று. தெரிவின் அளவே பொறுப்பின் அளவாகும் என்பதற்கு அப்பால் துல்லியமான சூத்திரம் எதனையும் இக்கட்டுரையாளனால் தர இயலவில்லை.

உருவத்தை அறிந்தால் நன்மை தீமையை அறிந்துவிடலாம் எனக் கொள்வதும் பிழையே. மூன்று ஒட்சிசன் அணுக்கள் கூடிய ஓசோன், உயர் வளிமண்டலத்தில் சூரியனின் கொடிய கதிர்களைத் தடுத்து நம்மைக் காக்கின்றது. தெருமட்டத்தில் நுரையீரலைப் புண்படுத்துகின்றது. இங்கு உருவமும் ஒன்றே. இடம் மாத்திரம் வேறு.

வெண்பொசுபரசு தீக்குச்சியிலிருந்து முற்றாக நீங்கிவிட்டது என்று கூறுவதும் அத்துணைச் சரியன்று. இன்று நாம் கையாளும் தீப்பெட்டியின் பக்கத்திற் பூசப்பட்டிருப்பது செம்பொசுபரசு. குச்சியை அதன்மீது உரசும்போது எழும் வெப்பத்தில் அதன் மிகச் சிறு பகுதி வெண்பொசுபரசாக மாறி, வளியிற் பட்டவுடன் பற்றுகின்றது. அப்பொறியே குச்சியின் தலையிலுள்ள குளோரேற்றைத் தூண்டிச் சுவாலையை எழுப்புகின்றது. போ தொழிற்சாலையின் சிறுமியர் நாள் முழுவதும் சுவாசித்த அப்பொருள், நமது விரல்களுக்கு ஓர் அங்குலத் தொலைவில் ஒரு கணம் தோன்றி எரிந்து மறைகின்றது.